சிவப்புக் கூடத்துச் சோறு

குளிருக்கு நடுங்கியவன் நெருப்பைக் கண்டுபிடித்தான். குடிசை கொளுத்துகிறவன் அதைக் கைப்பற்றிக்கொண்டான். ‘ஊதி’ என்ற கருவிக்கு நேர்ந்த கதையும் அதுதான்.

விரல் நீளக் குழல் அது. வாயில் வைத்து ஒரு மூச்சு விட்டால் போதும். இரைப்பையில் குடியிருக்கும் கிருமி சாதுவா, கொடியதா என்று சொல்லிவிடும். சாதுவானால் பச்சை விளக்கு. கிருமியே இல்லாவிட்டாலும் பச்சை. கொடியதானால் சிவப்பு. புண்ணும் புற்றும் வருவதற்கு முன்பே மனிதனை எச்சரித்துக் காக்கப் பிறந்த குழல், பிறந்த சில ஆண்டுகளிலேயே மனிதனை மனிதனிடமிருந்து விலக்கி நிறுத்தும் கோலாயிற்று. சாதியைக் கேட்க வெட்கப்படக் கற்றுக்கொண்டிருந்த வாய்கள், ‘உங்க வயிறு என்ன நிறமுங்க?’ என்று வெட்கமின்றிக் கேட்டன. பெண் பார்க்க வந்தவர்கள் பூவோடும் பழத்தோடும் குழலையும் கொண்டுவந்தார்கள். வாடகை வீட்டுக்காரன் வாசற்படியிலேயே ஊதச் சொன்னான். எந்த இழிவைப் புதைத்துவிட்டோம் என்று மார் தட்டினோமோ, அந்த இழிவு வெள்ளை அங்கி அணிந்து, கையில் ஆய்வுச் சான்றோடு, நடுத்தெருவில் நடந்து வந்தது. அதற்கு வணக்கம் சொன்னவர்கள் ஒருவரா, இருவரா?

பவளக்குன்றுப் பின்னலாடைத் தொழிற்பூங்காவில் அதற்கு இரண்டு உணவுக் கூடங்களே கட்டிக் கொடுத்தார்கள். முன்புறம் பச்சைக் கூடம்: பளிங்குத் தரை, குளிர்ந்த காற்று, ஒவ்வொருவருக்கும் முத்திரையிட்ட தனிப் பெட்டியில் உணவு. பின்புறம், பழைய சாயக் கிடங்கில், சிவப்புக் கூடம்: ஒரே ஒரு குழாய், ஆளுக்கொன்று தேறாத தட்டுகள், சுவரிலிருந்து இன்னும் போகாத சாய நெடி.

அன்று உச்சிப் பொழுதில் பச்சைக் கூடத்திலிருந்து கூச்சல் கேட்டது. பூங்காவின் மருத்துவர் இளமதி தன் அறையிலிருந்து எழுந்து ஓடினார்.

கூடத்தின் நடுவே அவந்திகா நின்றிருந்தாள். தையல் வரிசையில் வேலை செய்யும் பெண். இடுப்பில் நடக்கப் பழகாத குழந்தை. அவள் எதிரே மேற்பார்வையாளன் கோகுல். அவன் காலடியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் உருண்டு கிடந்தது.

“யாரக் கேட்டு உள்ள வந்தே? உங்களுக்கு அங்க பைப்பு இருக்குதில்ல?”

“அதுல தண்ணி வர்லீங்க. பையனுக்கு விக்கல் நிக்கவே மாட்டீங்குது. ஒரு வாய் தண்ணிதானுங்க கேட்டேன்.”

“ஒரு வாய்தான்! அந்த ஒரு வாயிலதான இருக்குது வெனையே. இனி இந்த டம்ளர எவன் தொடுவான்?”

வாசலுக்கு வெளியே கூடிவிட்ட சிவப்பு வரிசைப் பெண்களிலிருந்து ஒரு குரல் எழுந்தது. மோனிஷாவின் குரல், அதற்கு அடைப்பு கிடையாது.

“டம்ளர எறிஞ்சுட்டீங்க, செரி. உங்க மேல கெடக்குற பனியன் அவ தெச்சதுங்க. அதையும் கழட்டி வீசுங்க, நாங்க கண்ண மூடிக்கிறோம்!”

சிரிப்பு வெடித்தது. கோகுலின் முகம் கறுத்தது. இளமதி அவனுக்கும் அவந்திகாவுக்கும் நடுவில் போய் நின்றார்.

“கோகுல், கொழந்தைக்குத் தண்ணி கேட்டா டம்ளர எறியறதா? இது ஆஸ்பத்திரியா, தொழிற்சாலையா, இல்ல நூறு வருஷத்துக்கு முந்தின டீக்கடையா?”

“என்ற மேல ஏனுங்க பாயறீங்க டாக்டரம்மா? நாங்களா கண்டுபுடிச்சோம்? எச்சில்ல பரவுதுன்னு சொன்னது உங்க ஆளுகதானுங்க. நீங்க எழுதுனீங்க, நாங்க செவுத்துல ஒட்டுனோம்.”

அறைந்தாற்போல் இருந்தது இளமதிக்கு. அறிவியல் சொன்னது உண்மை. அந்த உண்மையைக் கொண்டு இவர்கள் கட்டிய மதில் பொய். ஆனால் உண்மைக் கல்லால் கட்டிய பொய் மதிலை எந்தக் கல்லால் இடிப்பது?

அவந்திகா யாரோடும் வாதாடவில்லை. வெளியே வந்து, நடைபாதைத் தூணோரம் உட்கார்ந்தாள். தூக்குப் போசியைத் திறந்து ஒரு கவளம் பருப்புச் சோற்றைத் தன் வாயில் இட்டு, நன்றாக மென்று கூழாக்கி, விரல் நுனியில் எடுத்துக் குழந்தை பாரியின் வாயில் வைத்தாள். அவள் தாய் அவளுக்குச் செய்ததும் அதுவே. பல் முளைக்காத வாய்க்குத் தாயின் பல்லே பல். இந்த நாட்டில் பசியாறிய குழந்தைகளில் எத்தனை கோடி அப்படி வளர்ந்தது!

தூணின் உச்சியில் இருந்த கேமரா அதைப் பார்த்துவிட்டது.

வயிற்றுநலச் சட்டம் தெளிவாகச் சொல்லியிருந்தது: இந்தக் கிருமி பெரும்பாலும் பிள்ளைப் பருவத்தில், வீட்டுக்குள்ளேயே தொற்றுவது. ஆகவே சிவப்பு வயிற்றுத் தாய், தன் வாய் பட்ட உணவைப் பிள்ளைக்கு ஊட்டினால், அந்தப் பிள்ளையை ஐந்து வயது வரை ‘தளிர் இல்ல’த்தில் வைத்து வளர்க்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. பிற்பகல் வேலை மணி அடிப்பதற்குள் பாரியைத் தூக்கிச் சென்றுவிட்டார்கள். தாய்ப்பாலை மட்டும் புட்டியில் கறந்து கொடுக்கச் சொன்னார்கள். பால் வேண்டும், பால் சுரக்கும் உடல் வேண்டாம்!

*

நிர்வாக இயக்குநர் லோகநாதனின் அறையில் இளமதி உட்காரவில்லை. லோகநாதன் குளிர்ந்த பாலைச் சிறு சிறு மிடறாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளைய அவகிட்டத் திருப்பிக் குடுங்க,” என்றார் இளமதி.

“நான் என்ன பூச்சாண்டிங்களா, பிள்ளை புடிக்க? சட்டம் டாக்டரம்மா, சட்டம். சரி, நீங்களே சொல்லுங்க. அந்தச் சிவப்புக் கிருமி நல்லதா, கெட்டதா?”

“கெட்டதுதான். அதை யாரு இல்லைன்னா?”

“எதுக்குக் கெட்டது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. மேடையில பேசற மாதிரி வேண்டாம்.”

இளமதி மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னார்:

“அந்தக் கிருமி மனுசன் வயித்துல ஆயிரமாயிரம் வருசமா இருக்குது. அதுல ரெண்டு வகை. ஒரு வகைக்குள்ள ஒரு மரபணுக் கூட்டம் கூடுதலா இருக்கும். அந்த மரபணுக்களோட வேலை ஒரு ஊசிய உண்டாக்கறது. கிருமி இரைப்பைச் சுவத்துல ஒட்டிக்கிட்டு, அந்த ஊசிய உயிரணுவுல குத்தி ஒரு புரதத்த உள்ள ஏத்தும். உள்ள போன புரதம் அந்த உயிரணுவோட புத்தியவே கெடுத்துடும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்ததெல்லாம் பிரியும். எப்ப வளரணும், எப்ப நிக்கணும்கறது மறந்துபோகும். இன்னொரு மரபணு ஒரு நஞ்சு செய்யுது. அது உயிரணுவுக்குள்ள பொத்தல் பொத்தலாப் போடும். இப்படி வருசக்கணக்கா வீங்கிப் புண்ணாகும். சிலருக்கு அந்தப் புண்ணு புத்தா மாறும்.”

“அப்பறம் என்னங்க? நாங்க செய்யறது சரிதானே?”

“முழுசாக் கேளுங்க. ஊசிக் கிருமி இருக்கற எல்லாரும் நோயாளி இல்ல. பெரும்பாலானவங்க சாகற வரைக்கும் ஒரு ஏப்பம்கூட விடாம வாழ்ந்துட்டுப் போயிடுவாங்க. நோயா மாறணும்னா இன்னும் பலது சேரணும். உப்பு, புகை, பிறந்த உடம்போட வாகு, பட்டினி, கவலை... நீங்க கிருமிய ஒதுக்கல. ஏழைய ஒதுக்கறீங்க. ஒரே குழாய், ஒரே அறைன்னு நெரிசல்ல வாழறவன்கிட்டதான் இது அதிகம். காரணத்த விட்டுட்டு ஆளப் புடிச்சிருக்கீங்க.”

“மருந்து குடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே?”

“இருந்துச்சு மருந்து. தும்மலுக்கும் சளிக்கும் கடையில வாங்கி முழுங்கி முழுங்கி, கிருமிக்கு அதைப் பழக்கி விட்டுட்டோம். இப்ப அந்த மாத்திரையெல்லாம் அதுக்குப் பொரிகடலை.”

லோகநாதன் சிரித்தார், சிரிப்பின் நடுவே மேல் வயிற்றை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார்.

“நல்லாப் பேசறீங்க. உங்க அப்பாவும் சாதி ஒழிப்பு மேடைப் பேச்சாளர்தானுங்களே? ஆனா பேச்சு வேற, நிர்வாகம் வேற. வெளிநாட்டுக்காரன் ‘உன்ற பூங்காவுல பிள்ளைக சுத்தமா வளருதா’ன்னு கேக்கறான். ஆமான்னு சொன்னாத்தான் பனியன் வாங்குவான்.”

“சட்டத்துல இன்னொரு பிரிவும் இருக்குது. மருத்துவர் மறுசோதனை கேட்டா நீங்க மறுக்க முடியாது. தாய் பச்சைன்னு வந்தா பிள்ளைய விட்டே ஆகணும்.”

“ஊதட்டுமே!” என்றார் லோகநாதன். “குளத்துல முங்கி எழுந்தா காக்கா கொக்காயிருமா? தாராளமா ஊதட்டும்.”

இளமதிக்கே நம்பிக்கையில்லை. காலம் கடத்தும் உபாயமாகத்தான் அதைக் கேட்டார்.

*

மறுநாள் காலை, சாட்சியாக வந்து நின்ற கோகுலின் முன்னிலையில், அவந்திகா குழலை வாயில் வைத்து ஊதினாள். அவள் கண் சிவந்து வீங்கியிருந்தது. சட்டையின் மார்பு பாலில் நனைந்து ஒட்டியிருந்தது.

விளக்கு எரிந்தது. பச்சை.

“கருவி கெட்டுப் போச்சுங்க,” என்றான் கோகுல்.

வேறொரு கருவி வந்தது. பச்சை. மூன்றாவதும் பச்சை.

“ஃபிராடுங்க டாக்டரம்மா! எதையோ வாயில போட்டுக் கொப்புளிச்சுட்டு வந்திருக்கறா. இவளுக என்ன வேணும்னாலும் செய்வாளுக.”

“என்ன வேணும்னாலுமா?” அவந்திகா முதன்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். “அப்படிச் செய்யத் தெரிஞ்சிருந்தா நேத்தே செஞ்சிருக்க மாட்டனாங்க? என்ற பையன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து கையக் கையத் தட்டறான். எனக்குச் சத்தம்கூடக் கேக்கல.”

இளமதி அவளைப் படுக்கையில் கிடத்தி, தொண்டை வழியே குழாய் செலுத்தி, இரைப்பைச் சுவரிலிருந்து துணுக்குகள் எடுத்தார். ஆய்வுக்கூடத்துப் பொறி, கிருமியின் மரபணுவை எழுத்தெழுத்தாக வாசித்தது. கிருமி இருந்தது. ஆனால் ஊசி இல்லை. ஊசியை உண்டாக்கும் அந்தக் கூட்டம் மொத்தமும் வேரோடு காணாமல் போயிருந்தது. இரு புறத்து முனைகளும் நேர்த்தியாக இணைந்திருந்தன. நஞ்சு செய்யும் மரபணுவும் பழுதுபட்டுச் செயலற்றுக் கிடந்தது.

பிறகு இளமதி மோனிஷாவை ஊதச் சொன்னார். பச்சை. அடுத்தவள் பச்சை. அதற்கடுத்தவளும் பச்சை. அவந்திகாவின் தையல் வரிசையே பச்சை! அதே சிவப்புக் கூடத்துக்கு ஒதுக்கப்பட்ட வேறு வரிசைப் பெண்களோ பழையபடி சிவப்பு. ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே சாய நெடி, ஒரே வசவு. பின் எங்கே வேறுபாடு?

அதை அறிய அவர் நண்பகலில் அந்த வரிசைக்கே போனார்.

சிவப்புக் கூடம் பூங்காவின் கடைக்கோடியில் இருந்தது. போய், தட்டுக்குக் காத்திருந்து, உண்டு, திரும்புவதற்குள் இடைவேளை முடிந்துவிடும். தைத்து முடிக்க வேண்டிய உருப்படிகளோ மலைபோல் குவிந்திருக்கும். ஆகவே அந்த வரிசைப் பெண்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அவரவர் கொண்டுவந்த சோற்றையும் குழம்பையும் ஒரே பெரிய போசியில் கொட்டிப் பிசைவார்கள். பாலூட்டும் தாய்க்குச் சட்டப்படி தனி ஓய்வு உண்டு என்பதால் போசி அவந்திகாவின் இடுப்புக்கு வந்தது. அவள் வரிசை நெடுக நடந்து, ஒவ்வோர் உருண்டையாக உருட்டி, ஒவ்வொரு வாயிலும் வைப்பாள். யார் கையும் துணியை விடுவதில்லை. யார் காலும் பொறியின் மிதியை விடுவதில்லை. தலை மட்டும் திரும்பும், வாய் திறக்கும், கவளம் இறங்கும். கடைசி உருண்டை அவளுக்கு. ஒரு கை, வரிசை முழுதும் வாய்.

பிள்ளையைப் பறிகொடுத்த மறுநாளும் அவள் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“இது எப்ப இருந்து?” என்று கேட்டார் இளமதி.

“எங்களை அந்தக் கிடங்குக்குத் தொரத்துனதுல இருந்துங்க,” என்றாள் மோனிஷா, வாயில் சோற்றோடு. “ஏனுங்க, இதுக்கும் ஏதாச்சும் சட்டம் இருக்குதுங்களா?”

இளமதி ஒரு பொறியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பா, அழுகையா என்று அவருக்கே விளங்கவில்லை.

“மோனிஷா, கேளு. இந்தக் கிருமிக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்துல இருக்கற இன்னொரு கிருமியோட மரபணுத் துண்டை எடுத்து, தன்னோட மரபணுவுல தெச்சுக்கும். இவ வயித்துல எப்பவோ ஒரு கிருமிக்கு அந்த ஊசிப் பகுதி அறுந்து விழுந்திருக்குது. அறுந்த எடத்தோட ரெண்டு முனையும் சேர்ந்த துண்டு, அடுத்த கிருமிக்குப் போகும்போது, அங்கயும் ஊசியக் கழட்டிட்டு அந்த வெறும் துண்டு வந்து உக்காந்துக்குது. ஊசியச் சுமக்கற பாரம் இல்லாததால அது வேகமாவும் பெருகுது. இவ கையில இருந்து உன் வாய்க்கு, உன் வாயில இருந்து கைக்கு, கையில இருந்து அடுத்த வாய்க்கு...”

மோனிஷா மெல்லுவதை நிறுத்தினாள்.

“அப்ப எச்சில்ல நோயி மட்டும் பரவலீங்க?”

“குணமும் பரவியிருக்குது.”

“அடி ஆத்தீ!” மோனிஷா பொறியை நிறுத்தாமலே கூவினாள். “அவந்தி, உன்ற கையிக்குக் கோயில் கட்டோணும்டி! அந்தக் கோகுலு வந்து முட்டி போட்டு நின்னாலும் தனி டம்ளர்லதான் தரோணும்!”

பிரித்தார்கள், பிரித்த இடத்தில் தட்டு கொடுக்க மறுத்தார்கள், தட்டில்லாதவர்கள் ஒரே போசியில் உண்டார்கள், உண்ட சோறு மருந்தாயிற்று. ஆதிக்கத்தின் கஞ்சத்தனமே ஆதிக்கத்தின் வாதத்தை முறியடித்தது. முத்திரையிட்ட பெட்டிக்குள் தனித்தனியே தின்றவர்களுக்கு இந்த வரம் வாய்க்கவில்லை.

அவந்திகா மட்டும் சிரிக்கவில்லை.

“எனக்கு அதெல்லாம் வேண்டாங்க டாக்டரம்மா. நான் பச்சைதானுங்களே? பையன எப்பத் தருவாங்க?”

*

தரவில்லை. வயிற்றுநல வாரியத்தின் ஒப்புதல் வரவேண்டும் என்றார்கள். வாரியமோ பூங்காவின் பரிந்துரை வரவேண்டும் என்றது. அவந்திகா இடைவேளைதோறும் தளிர் இல்லத்துக் கண்ணாடிச் சுவரருகே நின்றாள். முதலில் பாரி அவளைக் கண்டு கதறினான். பின்னர் கதறுவதை நிறுத்தினான். வேறொரு நாள், அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, தன் பொம்மையிடம் திரும்பிக்கொண்டான். அன்றைக்கு அவள் மருத்துவமனை வாசலில் வந்து உட்கார்ந்தாள். ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து போனாள். அந்த மௌனத்தைவிட அவள் தன்னை ஏசியிருக்கலாம் என்று இளமதிக்குத் தோன்றியது.

அந்த வாரத்தில் ஒரு முற்பகலில் லோகநாதன் மருத்துவமனைக்கு வந்தார். தனியாக வந்தார். கதவைத் தாமே சாத்தினார்.

“இது நமக்குள்ள இருக்கட்டும்,” என்று ஒரு படத்தை நீட்டினார். வேறூர் மருத்துவமனையில் எடுத்த இரைப்பைப் படம். புண், அதன் ஓரம் தடித்து, நிறம் மாறத் தொடங்கியிருந்தது.

இளமதி நிமிர்ந்து பார்த்தார். “உங்க அட்டை பச்சைன்னுதானே இருக்குது?”

“ஊதுனது என்ற டிரைவருங்க.”

கூசாமல் சொன்னார். ஊரார் வயிற்றையெல்லாம் நிறம் பிரித்தவருக்குத் தம் வயிற்றின் நிறத்தை ஊதுவதற்கும் ஓர் ஏழையின் மூச்சு தேவைப்பட்டிருக்கிறது!

“இன்னும் புத்தாகல,” என்றார் இளமதி, படத்தை வைத்துவிட்டு. “அந்த ஊசிய இப்பவே நிறுத்தினா இதோட நிறுத்த வாய்ப்பு இருக்குது.”

“அதுக்குத்தான் வந்தேன். அந்தப் புள்ளைகிட்ட இருக்கறத எனக்குக் குடுங்க.”

“அவ எச்சிலக் கேக்கறீங்களா?”

லோகநாதனின் உதடு கோணியது. “எச்சில் வேண்டாங்க. கிருமி மட்டும் குடுங்க. ஒரு மாத்திரையில அடைச்சு, யாரு வாயும் படாம, சுத்தமா.”

இளமதி சிரித்துவிட்டார். மருத்துவர் சிரிக்கக் கூடாத இடம் அது, ஆனாலும் சிரித்தார்.

“தட்டுல வளர்த்துப் பார்த்துட்டேன். ஆய்வுக்கூடத்துல ரெண்டு தலைமுறை வளர்ந்தாப் போதும், இரைப்பைச் சுவத்துல ஒட்டற சக்திய அது இழந்துடுது. வாயில இருந்து வாய்க்கு, சூடு ஆறாம வந்தாத்தான் அதுக்கு உயிர். மாத்திரையா ஆக்கறதுக்கு வருசக்கணக்குல ஆராயணும். உங்க புண்ணு அத்தனை வருசம் காத்திருக்காது. போசிதான் வழி. அது யாரோட போசியோ அவங்களத்தான் கேக்கணும்.”

“நீங்க சொன்னாக் கேப்பாளே?”

“நான் சொல்ல மாட்டேன். பிள்ளையப் பறிச்சவன் வாயில சோறு வைன்னு ஒரு தாய்கிட்டச் சொல்ற நாக்கு எனக்கு இல்ல. நீங்களே போங்க.”

*

மறுநாள் நண்பகல். சிவப்புக் கூடத்தில் எல்லா வரிசைப் பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு வந்து வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் வருகிறார் என்ற செய்தி பொறிகளைவிட வேகமாகப் பரவியிருந்தது. இளமதி சுவரோரம் நின்றார்.

லோகநாதன் வந்தார். பின்னால் ஒரு செவிலியின் கையில் பாரி. கோகுல் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். மோனிஷா அதைப் பார்த்தாள்.

“நாக்காலி இங்க வேண்டாங்க. இங்க தரைதான் ஏசி.”

லோகநாதன் நாற்காலியை விலக்கச் சொல்லி, விலையுயர்ந்த கால்சட்டையோடு தரையில் உட்கார்ந்தார். செவிலி குழந்தையை அவந்திகாவிடம் நீட்டினாள். பாரி அம்மாவை முறைத்துப் பார்த்தான். பிறகு அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, அத்தனை நாள் அழாததையெல்லாம் அழுதான். அவந்திகா கண்ணைத் துடைக்கவில்லை. ஒரு கவளத்தைத் தன் வாயில் இட்டு மென்று, எல்லோரும் பார்க்க, சுவரிலிருந்த கேமராவும் பார்க்க, பிள்ளைக்கு ஊட்டினாள். அதன் பின் போசியை எடுத்துக்கொண்டு வரிசையில் நடந்தாள். ஒரு வாய். அடுத்த வாய். லோகநாதனின் முறை வந்தபோது உருண்டை அவள் கையில் நின்றது.

“மத்த பிள்ளைக?” என்றாள்.

“எது?”

“தளிர் இல்லத்துல இன்னும் இருக்குதுகளே. அடுத்த வரிசைக்காரிக பெத்தது.”

“அவங்க அம்மாமாருக்கு இன்னும் சிவப்பும்மா. உன்றது வேற. சட்டம்...”

“செரிங்க,” என்றாள் அவந்திகா. உருண்டையை அவருக்கு அடுத்திருந்தவள் வாயில் வைத்துவிட்டு மேலே நடந்தாள்.

லோகநாதன் அவள் முதுகைப் பார்த்தார். இளமதியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, பகையும் இருந்தது. இளமதிக்குள் ஒரு கொடிய மகிழ்ச்சி பொங்கியது. அவர் அதை அடக்க முயலவில்லை. லோகநாதன் சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார்.

“கேட்டத் தொறந்து விடுங்க... எல்லாத்தையும்... ஆமாய்யா, காது கேக்கலயா? எல்லாப் பிள்ளைகளையும்! வாரியத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

சிறிது நேரத்தில் வெளியே முற்றத்தில் குழந்தைகளின் குரல் கேட்டது. பெண்கள் சிலர் எழுந்து, தடுக்கி, ஓடினார்கள். அவந்திகா திரும்பி வந்தாள். புதிய உருண்டை ஒன்றை உருட்டினாள்.

லோகநாதன் வாயைத் திறந்தார். ஒரு நொடி தயக்கமில்லை; ஒரு சுளிப்பு இல்லை. அகலத் திறந்து, கண்ணை மூடி, அவள் விரல் உதட்டில் பட வாங்கி, மென்று, விழுங்கி, மீண்டும் திறந்தார். சாவுக்கு அஞ்சியவனுக்கு எச்சில் ஏது, தீட்டு ஏது!

“மெதுவாங்க மொதலாளி,” என்றாள் மோனிஷா. “போசி பூராவும் உங்களுக்கில்ல.”

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. அந்தச் சிரிப்பில் சுவரோரம் நின்ற இளமதியும் சேர்ந்துகொண்டார். அப்போது அவந்திகா அவர் முன் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு பக்கம் பிள்ளை, மறு பக்கம் போசி. கையில் உருண்டை.

“நீங்களுங்க டாக்டரம்மா. இத்தன நாளா எங்களுக்காக நின்னீங்க. ஒரு வாய்.”

சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் கலந்து பிசைந்த உருண்டை. வரிசை முழுவதின் வாயையும், கடைசியாக லோகநாதனின் வாயையும் தொட்டுவிட்டு வந்த விரல்கள். அவற்றில் ஒன்றில் ஈரம் மின்னியது. அந்த ஈரத்தில் இருப்பது குணம் என்று உலகுக்கு எடுத்துச் சொன்னவரே அவர்தான். அதை ஆராய்ந்தார், வியந்தார், அதற்காக வாதாடினார். ஆனால் அந்தப் போசியிலிருந்து ஒரு பருக்கையும் தாம் தின்றதில்லை என்பது அந்தக் கணத்தில்தான் அவருக்கே உறைத்தது.

வாய் திறக்க வேண்டும். அவ்வளவுதான். லோகநாதன் திறந்தானே!

உதடுகள் திறக்கவில்லை. உள்ளே எதுவோ, அறிவுக்கும் முந்தியது, மேடைகளுக்கும் முந்தியது, ஓர் ஊசியின் நுனியளவு, குத்தி நின்றது.

“நான்... இப்பத்தான் சாப்பிட்டேன் அவந்திகா,” என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. தரையிலிருந்த லோகநாதன், வாயில் பருக்கையோடு, அவரை நிமிர்ந்து பார்த்தார். உறவுக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

இளமதி அவசரமாக வாயைத் திறந்தார். அதற்குள் அவந்திகா அந்த உருண்டையைப் பக்கத்திலிருந்த மோனிஷாவின் வாயில் வைத்துவிட்டிருந்தாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, வியப்பும் இல்லை.

“பரவால்லீங்க டாக்டரம்மா,” என்றாள். “நாளைக்கும் இங்கதான் சோறு பெசைவோம்.”